அஞ்சு கப்பலும் ஒரு பித்தள கிளிப்பும்

எங்க கம்பெனில சின்ன சைஸ் கப்பல் செய்றோம். புள்ளைங்க வெளாட்ற பொம்ம இல்ல. வெளிநாட்டுல கீறவங்க கண்ணாடிப் பொட்டில வெச்சி பாக்கறதுக்கு ஆர்டர் குடுப்பாங்க. அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு பேக்கரிக்கு பின்னாடி தகர ஷெட்டு. மொத்தமே பத்து பேரு. எனக்கு பித்தள வேல. கப்பல சுத்தி வர்ற கைப்புடி கம்பி, ஏணி, தகடு எல்லாம் வெட்டி, வளச்சி, ராவி, ஒட்டணும். ஒம்பதாவதோட நின்னுட்டேன். ஆனா கம்பி அர மில்லியா முக்கா மில்லியான்னு கண்ணால பாத்தே சொல்லிடுவேன்.

ரெண்டு மாசம் முன்னாடி இத்தாலி கப்பல் ஆர்டர் ஒன்னு வந்துச்சி. மொத ஒலகப் போருக்கும் ரெண்டாவது போருக்கும் நடுவுல அந்த நாட்டுக்காரங்க கட்ன சண்டக் கப்பல். லைட் க்ரூஸர்னு பேரு. அதுல அஞ்சு வக கீது. ஒன்னு கட்டி, அதுல கொற பாத்து அடுத்தது கட்டி, அப்டியே போயிக்கீறாங்க. ஆர்டர் குடுத்தவருக்கு முழுக் கப்பல் வேணாவாம். அஞ்சுலயும் நடுத்துண்டு மட்டும் போதுமாம். வாழத்தண்ட குறுக்க வெட்னா உள்ள தெரியும் இல்ல, அந்த மாதிரி. பாய்லரு, இஞ்சின் ரூம்பு, குண்டு வந்தா தடுக்கறதுக்கு பக்கவாட்டுல போட்ட தகடு, எல்லாம் தெரியணும். நெஜக் கப்பல்ல நூறுல ஒரு பங்கு சைஸு.

மெயில படிச்சி எங்களுக்கு சொல்றது டிராயிங் அக்கா. கம்ப்யூட்டர்ல படம் போட்றவங்க, திருநெல்வேலி பக்கம். பட்டாபிராம்ல புதுசா கட்ன ஃப்ளாட்டுல கீறாங்க. என்னவிட மூணு வயசுதான் பெரியவங்க, ஆனா மெரட்டுறது டீச்சர் மாதிரி.

"ஏட்டி, மொத கப்பலுக்கு தகடு இருவத்தி நாலு மில்லி. நூறால வகுத்தா எம்புட்டு?"

"கால் மில்லி கூட இல்லக்கா. இன்னாக்கா இது, பிஸ்கெட் டப்பா மூடி இதவிட கெட்டியா கீது."

"அதத்தான் அவரும் எழுதியிருக்காரு. பிரான்சுக்காரன் வேகமா ஓடுத கப்பலா கட்டுனானாம். அத வெரட்டிப் பிடிக்கணும்னு இவங்க இத கட்டிருக்காங்க. வேகம் வேணும்னா வெயிட்டு கூடாதுல்லா. எதுல கொறைக்க? தகட்டுல கொறச்சிட்டாங்க."

அப்பறம் ஓட்டிப் பாத்த கதைய படிச்சாங்க. புதுக் கப்பல ட்ரயல் ஓட்டுனப்ப, அதுல ஒன்னு மணிக்கு எழுவத்தஞ்சி கிலோமீட்டருக்கு மேல போச்சாம். ஒலகமே வாயப் பொளந்துச்சாம். ஆனா அன்னிக்கி அதுல பீரங்கி முழுசா மாட்டல. எண்ணையும் கொறச்சலா ஊத்திதான் ஓட்டுனாங்களாம்.

"அப்போ அது பொய்யாக்கா?"

"பொய்யில்லட்டி. ஓடுனது ஓடுனதுதான். ஆனா சண்டைக்குப் போனது அந்த வெயிட்டுல இல்லல்லா."

எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துடிச்சி.

என் அண்ணன் செத்து ஏழு மாசம் ஆவுது. அதே எஸ்டேட்டுல, எங்க ஷெட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒரு பிரஸ் கம்பெனில வேல செஞ்சான். கார் கதவுக்கு போட்ற கீல் தகடு அடிக்கற மிசினு. பழைய மிசினு. அதுல எடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்குனாதான் மேல கீற இரும்பு எறங்கி அடிக்கும். ஏன்னா ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, உள்ள கை இல்லன்னு அர்த்தம். கைய காப்பாத்தறதுக்கு அப்டி செஞ்சி வெச்சிக்கீறாங்க.

ஆனா ரெண்டு கையால அமுக்குனா லேட்டாவும். பீஸ வெய்யி, கைய எடு, ரெண்டு பட்டன அமுக்கு, மறுபடி எடு. அதனால அந்த செக்சன்ல எல்லாரும் எடது பட்டன்ல ஒரு மரச்சக்கய வெச்சி ரப்பர் பேண்டு போட்டு அமுக்கியே வெச்சிடுவாங்க. அப்பறம் வலது கை மட்டும் போதும். எடது கை பீஸ தள்ளிக்கினே இருக்கலாம். யாரும் அத தப்புன்னு நெனைக்கல. சூப்பர்வைசருக்கும் தெரியும். அவுரு அந்தப் பக்கம் வரும்போது மேல ஃபேன பாத்துகினே போவாராம். அண்ணன் சொல்லி சிரிப்பான்.

மரச்சக்க அடிக்கடி நழுவிடும். போன வருசம் ஒரு நாள் சோறு துன்னுகினு கீறப்ப அண்ணன் கேட்டான்.

"இன்னா கப்பலுக்காரி, பித்தளைல எனக்கு ஒரு கிளிப்பு பண்ணித் தரியா? பட்டன் மேல மாட்னா நழுவாம நிக்கணும்."

"எதுக்கு?"

"டார்கெட் சீக்கிரம் முடிஞ்சா நாலு மணிக்கே வுட்டுடுவாங்க. புள்ளைய ஏரிக்கு இட்டுகினு போவலாம்."

அவனுக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு. பருத்திப்பட்டு ஏரிய சுத்தி நடக்கறதுக்கு பாதை போட்டு வெச்சிக்கீறாங்க, அங்க வாத்து பாக்கணும்னு தெனம் அழுவா.

நான் பண்ணேன். மறுநாளே பண்ணேன். கப்பல் வேலைல மீந்த பித்தளப் பட்ட ஒன்ன எடுத்து ரெண்டு வளவு வளச்சேன். பட்டன் சைஸ அவன் பேப்பர்ல வரைஞ்சிகினு வந்து குடுத்தான். அவன் வெரல கீறிடக் கூடாதேன்னு ஓரத்த எல்லாம் அரத்தால ராவி, உப்புத்தாள்ல தேச்சி, பாலீஷ் வேற போட்டேன். அவன் மேல கீறலு படாம இருக்கணும்னு நான் அவ்ளோ பாத்தேன்.

"செக்சனே கேக்குதுடி, எந்த கடைல வாங்குனன்னு," அப்டின்னான். எனக்கு அன்னிக்கி பெருமையா இருந்துச்சி.

அப்பறம் தெனம் நாலு மணிக்கு வந்துடுவான். புள்ள ஏரிக்கு போச்சி. நாலு மாசம் போச்சி.

அவன் செத்த அன்னிக்கி பீஸ் ஒன்னு உள்ள சிக்கிக்கிச்சாம். குனிஞ்சி, ஒடம்ப உள்ள வுட்டு அத இஸ்திருக்கான். இடுப்பு வலது பட்டன்ல பட்டுடிச்சி. எடது பட்டன் ஏற்கெனவே அமுங்கிதான் கீது. அத அமுக்கிகினு இருந்தது என் கிளிப்பு.

பெரிய ஆபீசருங்க வந்து மிசின பாத்தப்ப கிளிப்பு இல்ல. அண்ணன் கவனக்குறைவா உள்ள குனிஞ்சிட்டான்னு எழுதிட்டாங்க. அவன் சாமானெல்லாம் ஒரு கவர்ல போட்டு குடுத்தாங்க. டிபன் பாக்ஸு, போனு, சீப்பு. நான் யாரும் பாக்காம கவர தலகீழா கொட்டிப் பாத்தேன். அதுலயும் இல்ல.

அதுலேந்து எனக்கு பயம். யாராவது அத எடுத்துகினு வந்து, இத செஞ்சது யாருன்னு கேப்பாங்களோன்னு. அண்ணனுக்கும் எனக்கும் தவிர அது நான் செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. எங்கம்மாவுக்கு தெரியாது. அண்ணிக்கு தெரியாது. இன்சூரன்ஸ் ஆளு வந்தான், எலெக்ஷன் கார்டு ஆளு வந்தான், ஒவ்வொரு வாட்டியும் நான் பாத்ரூம்ல போய் நின்னுகினேன்.

அப்பறம் அத விட பெரிய பயம் வந்துச்சி. அவன் எடத்துல ஊட்டு ஆளு ஒருத்தர எடுத்துக்கறோம்னு கம்பெனில சொல்லியிருந்தாங்க. எங்க எஸ்டேட்டுல அது வழக்கம்தான். ஏழு மாசம் கழிச்சி கூப்ட்டாங்க. அண்ணி போச்சி. பேக்கிங்ல போடுவாங்கன்னு நெனச்சோம். பிரஸ் செக்சன்ல போட்டாங்க. அதே மிசினு இல்ல, அதுக்கு பக்கத்து மிசினு. அதே மாதிரி ரெண்டு பட்டன்.

வியாழக்கிழம, வெள்ளிக்கிழம ட்ரெயினிங், திங்கக்கிழமைலேந்து வேல. மொத நாள் அண்ணி கை வலின்னு வந்து படுத்துகிச்சி. ரெண்டாவது நாள் சாயங்காலம் வரும்போதே மூஞ்சில ஒரு வெளிச்சம். ஏழு மாசமா நான் அத பாக்கல.

"இந்தா நாத்தனாரே, பழைய ஆளுங்களுக்கு சமமா அடிச்சேன் இன்னிக்கி. சூப்பர்வைசரே கேட்டாரு, நீ இதுக்கு முன்னாடி எங்க வேல செஞ்சன்னு."

"எப்டி அண்ணி?"

அண்ணி பர்ஸ தொறந்துச்சி. உள்ளேந்து எடுத்து கைல வெச்சி நீட்னிச்சி. நான் பாலீஷ் போட்ட அதே கிளிப்பு. கொஞ்சம் கறுத்துப் போயி.

"உங்க அண்ணனோடது டி. பக்கத்து மிசின் அக்கா ஒன்னு கீது, அது எடுத்து பத்திரமா வெச்சிருந்துச்சாம். அவரு ஞாபகமா வெச்சிக்கோன்னு குடுத்துச்சி. இத மாட்னா ஒரு கை போதும். பாரு, எவ்ளோ ஸோக்கா பண்ணிக்கீறான் எவனோ. ஓரம் கூட கையக் கீறல."

சோத்துல தண்ணி ஊத்திகினு எழுந்துட்டேன். அண்ணி அத கண்ணுல ஒத்திக்கிச்சி, மறுபடி பர்ஸுல போட்டுகிச்சி.

சனிக்கிழம வேலைக்கு போனேன். மொத கப்பலுக்கு பக்கத் தகடு ஒட்ற நாளு. கால் மில்லி தகட வெட்டி வெச்சிருந்தேன். கைல எடுத்து பாத்தேன். ஊதுனா பறக்கும். அத அப்டியே வெச்சிட்டு, மூணாவது கப்பலுக்கு வெச்சிருந்த அறுவது மில்லி கணக்குத் தகட எடுத்து இதுக்கு ஒட்டிட்டேன். தெரிஞ்சேதான் ஒட்டுனேன். ஏன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது. அந்த மெலிசு தகட என் கையால ஒட்ட முடியல, அவ்ளோதான்.

டிராயிங் அக்கா ஸ்கேல வெச்சி அளந்துட்டாங்க.

"ஏட்டி, என்ன செஞ்சு வெச்சிருக்க? கப்பலுக்கு பாவம் பாக்கியா?"

"பாக்கறவங்களுக்கு இன்னாக்கா தெரியப் போவுது."

"அவரு பாக்கதே அதத்தாண்டி. மொத ரெண்டு வகையும் இருவத்தி நாலு. மூணாவது அறுவது. நாலாவது எழுவது. அஞ்சாவதுக்கு வெளிய ஒரு முப்பது, உள்ள ஒரு நூறு. வரிசையா வெச்சா அது ஏறிக்கிட்டு வாரது தெரியணும். மொதக் கப்பல நீ கெட்டியாக்கிட்டா, அவங்க என்ன தப்பு செஞ்சாங்கன்னு எப்டி தெரியும்?"

"அந்த மொத வக கப்பலெல்லாம் இன்னா ஆச்சிக்கா?"

அக்கா மெயில மேல தள்ளிப் பாத்தாங்க. "நாலு கட்டுனாங்க. சண்டைல நாலும் முங்கிருச்சி."

"கடைசி வக?"

"அது ரெண்டு. ரெண்டும் தப்பிச்சிருச்சி. அது மெதுவாத்தான் போவுமாம்."

நான் அந்த தகட பிரிச்சி எடுத்தேன். பசை காஞ்சி போயிருந்துச்சி, கத்தி வுட்டு எடுக்கறப்ப வெரல்ல வெட்டிக்கினேன். அக்கா துணி சுத்தி வுட்டுட்டு, "ஊட்ல எதும் பிரச்சனையா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கான்னேன். அப்பறம் கால் மில்லிய ஒட்டிட்டேன். ஒட்றப்ப ஒன்னே ஒன்னு மட்டும் மண்டைல ஓடிகினே இருந்துச்சி. அண்ணி ஓட்டுனது ட்ரயலு. ட்ரெயினிங்ல குடுத்தது சின்ன பீஸு, அது தானா வெளிய வந்து வுழும், சிக்கவே சிக்காது. திங்கக்கிழம குடுக்கப் போறது அண்ணன் அடிச்ச பீஸு.

கிளிப்ப திருடிடலாமான்னு பாத்தேன். ஞாயித்துக்கிழம காலைல அண்ணி குளிக்கப் போனப்ப பர்ஸ தொறந்து, கைல கூட எடுத்துட்டேன். அப்பறம் வெச்சிட்டேன். இது இல்லன்னா மரச்சக்கய வெச்சிக்கும். ஒரு கைல அடிச்ச ருசி பாத்துடிச்சி. கிளிப்ப எடுத்தா பத்தாது, சொல்லணும். சொன்னா, அண்ணன சாவடிச்சது நான்னு சொல்ற மாதிரி.

சாயங்காலம் புள்ள ஏரிக்கு போணும்னு அழுதுச்சி. மூணு பேரும் போனோம். ஏழு மாசத்துல மொத வாட்டி. அண்ணி புள்ளைய தூக்கி கம்பி மேல நிக்க வெச்சி வாத்த காட்டுச்சி. இப்ப சொல்லிடலாம்னு நெனச்சேன்.

"அண்ணி."

"இன்னாடி."

"நாளைக்கு..."

"நாளைக்கு இன்னா? நாளைலேந்து டார்கெட் முடிச்சிட்டு நானும் நாலு மணிக்கு வந்துடுவேன் பாரு. புள்ளைய தெனம் இட்டுகினு வருவேன், அவங்க அப்பா மாதிரி." அண்ணி சிரிச்சிச்சி. புள்ளயும் சிரிச்சிச்சி. நான் வேர்க்கடல வாங்கியாறேன்னு எழுந்து போயிட்டேன்.

திங்கக்கிழம காலைல வேலைக்கு போவ அண்ணனூர் ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் நின்னுகினு இருந்தோம். ரயில் ஷெட்டுலேந்து வண்டி ஒன்னு காலியா வெளிய வந்து நின்னுகினு இருந்துச்சி. எங்க வண்டி இன்னும் வர்ல. அண்ணி புது சுடிதார் போட்டுகினு, தலைல பூ இல்லாம, பர்ஸ கக்கத்துல வெச்சிகினு இருந்துச்சி. இதுக்கு மேல தள்ளுனா வண்டி வந்துடும், அண்ணி மிசின் முன்னாடி போயி நின்னுடும்.

"அண்ணி, அந்த கிளிப்ப போடாத."

"ஏன்?"

"ரெண்டு கையாலயே அடி. டார்கெட் வர்லன்னா பரவால்ல."

"இன்னாடி காலங்காத்தால. உங்க அண்ணனே அதுலதான..."

"அது நான் செஞ்சது."

அண்ணி மொதல்ல சிரிச்சிச்சி. "நீ செஞ்சதா? அதான பாத்தேன். ஓரம் ராவுன அழகுக்கு எவனோ நல்ல வேலக்காரன்னு நெனச்சேன்..." அப்டி சொல்லிகினே வந்து, நடுவுல நின்னுடிச்சி. அது எல்லாத்தையும் ஒன்னொன்னா சேக்கறது எனக்கு தெரிஞ்சிச்சி. எடது பட்டன். வலது பட்டன். இடுப்பு.

"அன்னிக்கி இது மாட்டியிருந்துச்சா?"

"ஆமா."

"உனக்கு தெரியுமா?"

"ஆமா அண்ணி."

"ஏழு மாசமாவா?"

நான் தலைய ஆட்னேன். அடிக்கும்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்துருக்கும். வண்டி வந்துச்சி. அண்ணி ஏறிச்சி. நானும் அதே பொட்டில ஏறுனேன். அது கதவுகிட்ட கம்பிய புடிச்சிகினு வெளிய பாத்துகினே நின்னுச்சி. திருமுல்லைவாயல் வந்துச்சி, போச்சி. பக்கத்துல ஒரு ஆயாம்மா, "தள்ளி நில்லும்மா, வுழுந்துடப் போற,"ன்னாங்க. அண்ணி காதுல வாங்கல. அம்பத்தூர்ல எறங்கி, எனக்கு முன்னாடி வேகமா நடந்துச்சி. கம்பெனி கேட்டுகிட்ட போயி திரும்பிச்சி.

"நீ போயி உன் கப்பல பாரு."

அன்னிக்கி எனக்கு வேல ஓடல. அஞ்சாவது கப்பலுக்கு ரெண்டு தகட்டயும் ஒட்டணும், வெளிய மெலிசு, உள்ள கெட்டி. ரெண்டுக்கும் நடுவுல சந்து வுடணும். மூணு வாட்டி ஒட்டி மூணு வாட்டியும் கோணலாச்சி. ரெண்டு தெரு தள்ளி பிரஸ் அடிக்கற சத்தம் எப்பவும் கேக்கும், நாங்க யாரும் அத கவனிக்க மாட்டோம். அன்னிக்கி நான் ஒவ்வொரு அடியையும் கேட்டேன். நடுவுல ஒரு வாட்டி சத்தம் நின்னுடிச்சி. நான் கைல இருந்தத போட்டுட்டு தெருவுக்கு ஓடிட்டேன். கரண்ட்டு போயிருக்கு, அவ்ளோதான். பேக்கரிக்காரரு வெளிய நின்னு விசிறிகினு இருந்தாரு. "இன்னாம்மா, பேய பாத்தா மாதிரி கீற,"ன்னாரு.

நான் வேல முடிச்சி ஊட்டுக்கு போனப்ப, நாலு மணிக்கே வரேன்னு சொன்ன அண்ணி இன்னும் வர்ல, வாசல்ல குந்தினேன். அம்மா புள்ளைக்கு சோறு ஊட்டிகினு இருந்தாங்க. ஆறரைக்கு அண்ணி தெரு முனைல வந்துச்சி. கிட்ட வந்து, என் மூஞ்சிய பாக்காம, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி விரிச்சி காட்டுச்சி. அப்பறம் உள்ள போயிடிச்சி.

டார்கெட் முடியலன்னு கத்துனாங்களாம், பழைய ஆளுங்க கிண்டல் பண்ணாங்களாம், "உங்க ஊட்டுக்காரரு எவ்ளோ ஸ்பீடு, நீ இன்னாம்மா கோயில்ல கும்புட்ற மாதிரி ரெண்டு கையும் வெக்கற,"ன்னு. இதெல்லாம் அண்ணி அம்மாகிட்ட சொல்லும்போது நான் சமையக்கட்டுலேந்து கேட்டது. அம்மாகிட்ட கிளிப்பு விசயத்த அது சொல்லல. ஏன் சொல்லலன்னு எனக்கு தெரியாது. என்கிட்ட அது பேசறதும் இல்ல. அந்த கிளிப்பு இப்ப எங்க கீதுன்னும் தெரியல. பர்ஸுல இல்ல, பாத்துட்டேன்.

கப்பல் அஞ்சும் போன வாரம் மரப்பொட்டில போயிடிச்சி. இப்ப வேற ஆர்டர், பாய்மரக் கப்பல், தகடே இல்ல.

சாயங்காலம் ஆறரைக்கு நான் வாசலுக்கு வந்துடறேன். அண்ணி வரும், பேசாது, ரெண்டு கையையும் நீட்டும். நான் பத்து வெரலையும் எண்ணுவேன். எண்ணி முடிக்கற வரைக்கும் அது கைய மடக்காது.